பழைய பி.எஸ்.ஏ. ஏர் ரைபிள் எந்த வகை என்று கண்டுபிடிப்பது எப்படி?

பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பழைய ஏர் ரைபிள், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, கையில் கிடைத்ததும் பலர் எமரித் தாளைத் தேடுகிறார்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள், துருவோடு சேர்ந்து முத்திரையும் போய்விடும். உள்ளே ரவை இல்லை, ஸ்பிரிங் இழுபட்டு நிற்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் மழுங்கித் தெரியும் எழுத்துகள், சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து பளிச்சென்று தெரியும்.

இந்தத் துப்பாக்கிகளுக்கெல்லாம் மூலம், இங்கிலாந்தின் பர்மிங்காமில் துப்பாக்கி செய்துவந்த லிங்கன் ஜெஃப்ரீஸ் 1904-இல் பெற்ற காப்புரிமை. பி.எஸ்.ஏ. ஆலை 1905-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆலையில் செய்து, ஜெஃப்ரீஸ் தன் பெயரில் விற்றவையும் உண்டு. அதனால் சிலிண்டர் (ஸ்பிரிங் இருக்கும் உருளை) மேல் இருக்கும் பெயரை மட்டும் நம்பி வகையை முடிவு செய்ய முடியாது.

நான் எப்போதும் அதிக நேரம் செலவழிப்பது குழலுக்கு அடியில் இருக்கும், ஸ்பிரிங்கை இழுத்து நிறுத்த உதவும் லீவரில்தான். ஆரம்பகாலத் துப்பாக்கிகளில் அது பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாதிரி, கைப்பிடி கீழே நீட்டிக்கொண்டு இருக்கும். பிறகு வந்தவற்றில் லீவர் குழலை ஒட்டிப் படுத்திருக்கும். முனையின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால்தான் விடுபடும். 1948-இல் வந்த ஏர்ஸ்போர்ட்டர் என்ற வகையில் லீவர், குழலுக்கு அடியில் உள்ள மர முன்கட்டைக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. எவ்வளவு அழகான யோசனை! ஆனால் பழைய லீவர்களை மாற்றிப் போடுவது சகஜம். அச்சுத் திருகின் தலை சிதைந்திருக்கிறதா, லீவரின் தேய்மானமும் சிலிண்டரின் தேய்மானமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

சீரியல் நம்பருக்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் விடாமல் குறியுங்கள். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட துப்பாக்கிகளில் 'எல்' என்றால் லைட், 'எஸ்' என்றால் ஸ்டாண்டர்ட், 'சி.எஸ்.' என்றால் கிளப் ஸ்டாண்டர்ட். டேப் வைத்து மொத்த நீளத்தையும் அளந்துவிடுங்கள். லைட் சுமார் 39 அங்குலம்தான். குழல் அளவுக்கும் எண் உண்டு: 1 என்றால் .177 அங்குலம், 2 என்றால் .22, 3 என்றால் .25.

காப்புரிமை ஆண்டைத் தயாரிப்பு ஆண்டு என்று எழுதிவிடாதீர்கள். துப்பாக்கியில் காப்புரிமை எண் இருந்தால், அது அந்த ஆண்டுக்கு முந்தியது அல்ல என்பது மட்டும்தான் உறுதி. பழைய விலைப்பட்டியல்களிலும் கவனம் தேவை. படத்தை மாற்றாமல் அடுத்தடுத்த பதிப்புகளில் போட்டிருப்பார்கள். படத்தைவிட அதன் கீழே உள்ள விவரத்தையும் அளவுகளையும் நம்புங்கள்.

ஒரே ஒரு துப்பாக்கியில் வித்தியாசமான ட்ரிகரைக் கண்டால் உடனே 'புது வகை' என்று பெயர் வைக்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்து எண் உள்ள வேறு துப்பாக்கிகளிலும் அதே அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். நான் வைத்திருக்கும் அட்டவணையில் எண், லீவர், ட்ரிகர், மரக்கட்டையில் உள்ள முத்திரை, நீளம் ஆகியவற்றோடு இன்னொரு பத்தியும் உண்டு: நேரில் பார்த்ததா, படத்தில் பார்த்ததா, யாரோ சொன்னதா. பார்க்காத விவரத்துக்கு உரிய கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறேன்.