கிராவல் குழியும் நிலத்தடி நீரும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ருட்டிக்கும் கடலூருக்கும் நடுவே, கேப்பர் மலையை ஒட்டிய செம்மண் பூமியில் கிராவல் (சரளை மண்) குவாரி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். லாரி, தூசி, எல்லைக் கல் எல்லாம் அவர்களுக்கே தெரியும். தண்ணீர் விஷயத்தில்தான் முன்பு எல்லாரும் சறுக்கிய இடத்திலேயே சறுக்குகிறார்கள்.

சித்திரையில் அளந்துவிட்டுக் குழியின் அடிமட்டம் குறிப்பது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரவைக்கும் தவறு இது. நீர்மட்டத்தைத் தொடாமல் தோண்ட வேண்டும் என்பது அனுமதியிலேயே இருக்கும். சரி, நீர்மட்டம் எங்கே? கோடையில் ஒரு ஆள் போய்ப் பக்கத்துக் கொல்லையில், அதாவது விவசாய நிலத்தில், உள்ள கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்து, "26 அடி" என்று எழுதிக்கொண்டு வருவார். 20 அடி வரை தோண்டலாம், ஆறு அடி மிச்சம் இருக்கிறதே என்று திட்டம் தயாராகிவிடும்.

இந்த 26 அடியில் இரண்டு கோளாறு. நம் ஊரில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. சித்திரையில் தெரிவது தண்ணீர் தாழ்ந்து கிடக்கும் மட்டம். நமக்கு வேண்டியது உச்சமட்டம், அது மழை ஓய்ந்த மார்கழி, தை வாக்கில்தான் தெரியும். இரண்டாவது, அந்த விவசாயி மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சியிருப்பார். இறைத்த கிணற்றில் அளந்தது கிணற்றின் அளவுதானே தவிர நிலத்தின் அளவு இல்லை. மோட்டாரை நிறுத்தி ஒரு இரவாவது கழிந்த பிறகு அளக்க வேண்டும்.

ஒரு தளத்தில் இதே கணக்கில் தோண்டினார்கள். ஒன்பது, பத்து அடிக்குக் கீழே வெட்டுமுகத்தில் சிவப்பு மண்ணுக்குள் சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தன. கையால் உதிர்த்தால் உள்ளேயும் அதே சாம்பல். வருடா வருடம் தண்ணீர் ஏறி நின்று இறங்கும் மண்ணில் இரும்புச் சத்து கரைந்து வெளுத்துப்போவதால் வரும் நிறம் அது. நீர்மட்டம் இதுவரை ஏறும் என்று மண்ணே சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் காட்டியும் கேட்க ஆளில்லை, லோடு கணக்குதான் முக்கியமாக இருந்தது.

கார்த்திகையில் குழி நிரம்பியது. "மழைத் தண்ணிதானே" என்று டீசல் இன்ஜினை வைத்து இரவும் பகலும் வாய்க்காலுக்கு இறைத்தார்கள். மழை விட்ட பிறகும், இறைக்க இறைக்க ஊறியது. ஒரு வாரம் கழித்துப் பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து நின்றார். "என்னங்க சார், மழை பெஞ்சும் எங்க கிணத்துல மோட்டார் காத்து இழுக்குது, இது நியாயமா?" என்றார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் ஓரமாகக் குவித்திருந்த மேல்மண்ணையெல்லாம் திரும்பக் கொட்டி அடிமட்டத்தை உயர்த்தினார்கள். அதற்கு ஆன பொக்லைன் வாடகையும் டீசலும், விற்ற கிராவலின் லாபத்தைத் தின்றுவிட்டன. அவர் பயிர் வாடியதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

மழைத் தண்ணீரா ஊற்றா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அளவு போட்ட குச்சி ஒன்றைக் குழியில் நட்டு, மழையில்லாத நாட்களில் காலையில் பாருங்கள். மட்டம் தானாக ஏறினாலோ, இறைத்த பிறகு பழைய இடத்துக்கே திரும்பினாலோ அது நிலத்தடி நீர். உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

இன்னொன்று, கிணற்று மேடும் குழி மேடும் ஒரே உயரத்தில் இருக்காது. லெவல் கருவியால் உயர வித்தியாசத்தை எடுத்து, இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்த பிறகு குழியின் அடிமட்டம் குறியுங்கள். உச்ச நீர்மட்டத்துக்கு மேல் ஐந்தாறு அடி மண்ணாவது விடச் சொல்வேன் நான்.

ஆவியாவதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

இறைக்கவே இல்லை, அதனால் நஷ்டமில்லை என்பார்கள். மண்ணுக்கடியில் மூடிக் கிடந்த நீரை வெயிலுக்குத் திறந்துவிட்டால் அதுவே செலவுதான். ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் சுமார் 4,000 லிட்டர். நம் கோடையில் நாளைக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் போவது சாதாரணம். ஆறு என்று வைத்தால் 24,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கரில் தினமும் இரண்டு லோடு.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1980 டிசம்பர் 31க்குப் பிறகு நிலத்தடி நீரைத் திறந்துவிட்ட சரளைக் குழியைக் கிணறாகவே கருதி அனுமதி கேட்கிறார்கள். ஆவியாகும் நீருக்கு ஈடாக வேறு நீர் தரும் திட்டமும் காட்ட வேண்டும். இல்லையென்றால் குழியைச் சுற்றிக் களிமண் தடுப்பு கட்டி நிலத்தடி நீரிலிருந்து பிரிக்க வேண்டும். நம் ஊர்க் குவாரிக்காரர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தவறான இடத்தில் ஈடு செய்வது

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரைத் தொடர்ந்து இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும் என்பது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த நீர் வேறு, மேல்மட்டக் கிணற்று நீர் வேறு. கிராவல் குழி தொடுவது மேல்மட்டத்தை. அப்படியிருக்க, குழியால் குறைந்த நீருக்கு ஈடாக என்று 300 அடி போர்வெல்லில் தண்ணீரை விட்டுவிட்டு 40 அடிக் கிணற்றுக்காரருக்கு ஈடு செய்துவிட்டோம் என்பது எப்படிச் சரியாகும்?

காலமும் அப்படித்தான். அவருக்குத் தண்ணீர் குறைவது வைகாசியில். நீங்கள் கார்த்திகையில் விட்டால், ஏற்கெனவே நிரம்பிய மண்ணில் அது வழிந்து ஓடிவிடும். மழைநீரைக் குட்டையில் பிடித்துத் தெளியவைத்து, கோடை வரை மெல்ல இறக்கும் ஏற்பாடு வேண்டும். அப்புறம், குழி இல்லாவிட்டாலும் மண்ணுக்குள் இறங்கியிருக்கக்கூடிய மழையை ஈட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கலங்கல் நீரைப் போர்வெல்லில் விடுவது

கூடவே கூடாது. போர்வெல் அடைத்துக்கொள்ளும், ஊர் குடிக்கும் நீரும் கெடும்.

குப்பை கொட்ட விடுவது

நீர் தொட்ட குழியில் ஒரு லோடுகூட வேண்டாம்.

டீசல் பேரலைக் குழிக்குள் வைப்பது

மேலே வையுங்கள்.

எல்லையை மறப்பது

பாகூர்ப் பக்கம் வரப்பைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே நிலத்தடி நீருக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டமும் தனி ஆணையமும் உண்டு. கடலூரில் வாங்கிய அனுமதித் தாளை அங்கே காட்ட முடியாது. கடலோரமாக இருந்தால் இன்னும் கவனம். நன்னீரை இறைத்தால் அந்த இடத்துக்கு உப்பு நீர் ஏறும், ஏறிய உப்பு லேசில் இறங்காது.

நோட்டில் வெறும் அடியை மட்டும் எழுதுவது

தேதி, நேரம், எந்தக் கிணறு, மோட்டார் கடைசியாக ஓடியது எப்போது, விளிம்பில் எந்தக் குறியிலிருந்து அளந்தது, இவ்வளவும் வேண்டும். குறியைப் பெயிண்டில் போடுங்கள். கயிறு வேண்டாம், ஸ்டீல் டேப்பின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து விட்டால் நனைந்த கோடு சுத்தமாகத் தெரியும். அளக்கும்போது கிணற்றுக்காரரையும் பக்கத்தில் நிறுத்தி, அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.