செப்புக் கம்பியின் தரத்தை வீட்டிலேயே அளந்து பார்ப்பது எப்படி?

வீட்டு வயரிங்குக்காக நெல்லை டவுனிலோ பாளையங்கோட்டையிலோ வாங்கிவரும் வயர் சுருளில் இருப்பது உண்மையிலேயே செம்புதானா என்பதை, பேட்டரி ஒன்றையும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றையும் கொண்டே அறிந்துகொள்ளலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் ஓம் விதியைப் படித்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை.

மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகங்களில் வெள்ளிக்குத்தான் முதலிடம். அறை வெப்பநிலையில் அதன் மின்தடை எண் 1.59×10⁻⁸ ஓம் மீட்டர், செம்புக்கு 1.68, தங்கத்துக்கு 2.44, அலுமினியத்துக்கு 2.65, இரும்புக்கு ஏறத்தாழ 10 (எல்லாம் ×10⁻⁸). இந்த எண் சிறியதாக இருக்கும்போது அளப்பது கடினமாகிவிடுகிறது என்பதுதான் சிக்கல். 1 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் 10 மீட்டருக்கு 0.18 ஓம் அளவே தடை காட்டும்; மல்டிமீட்டரின் இரண்டு புரோப் வயர்களுக்கே அவ்வளவு தடை இருப்பதால், ஓம் அளவில் வைத்து நேரடியாக அளந்தால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. ஆகவே மின்னோட்டத்தைச் செலுத்த ஓர் இணைப்பும், மின்னழுத்தத்தை அளக்க வேறோர் இணைப்பும் தேவை. ஆய்வகங்களில் நான்கு முனை அளவீடு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

தேவையானவை: 12 வோல்ட் பேட்டரி, 2 ஆம்பியர் ஃபியூஸ், பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 10 வாட் பல்பு, மல்டிமீட்டர், கிராக்கடைல் கிளிப்புகள், 1 சதுர மில்லிமீட்டர் வயர் 10 மீட்டர். சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுத்து இதைச் செய்யவே கூடாது.

படி 1. வயரின் இரு முனைகளிலும் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு மேலுறையைச் சீவி, உள்ளே இருக்கும் இழைகளை முறுக்கிக்கொள்ளுங்கள். வயரைச் சுருளாகவே வைத்துக்கொள்ளலாம். நேர்மின்னோட்டம் என்பதால் அளவு மாறாது.

படி 2. பேட்டரியின் நேர்முனை, ஃபியூஸ், பல்பு, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை, சோதிக்கும் வயர், பேட்டரியின் எதிர்முனை என்ற வரிசையில் இணையுங்கள். கிளிப்புகள் வயரின் நுனியில் மட்டும் கவ்வியிருக்கட்டும். பல்பு எரியும், மீட்டர் 0.8 ஆம்பியரை ஒட்டிக் காட்டும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3. இணைப்பைத் துண்டித்து, மீட்டரை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தை நேராக இணையுங்கள். மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது பல்புதான் என்பதால் அதில் பெரிய மாற்றம் வராது.

படி 4. சிவப்பு புரோப்பை மின்னழுத்தத் துளைக்கு மாற்றி, மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வையுங்கள். இந்த மாற்றத்தை மறந்தால் மின்னோட்டத்தின் ஒரு பகுதி மீட்டர் வழியாகவே போய்விடும், மின்னழுத்தத்தை அளக்க முடியாது. பிறகு புரோப்புகளைக் கிளிப்பின் மேல் வைக்காமல், கிளிப்புக்கு உள்பக்கம், மேலுறை தொடங்கும் இடத்தையொட்டிச் செம்பின் மேலேயே அழுத்துங்கள். இந்த முறையின் உயிர் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது: கிளிப்புக்கும் வயருக்கும் இடையிலுள்ள தொடுதடை அளவீட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

படி 5. மில்லிவோல்ட்டை ஆம்பியரால் வகுத்து, ஆயிரத்தால் வகுத்தால் ஓம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக 150 மில்லிவோல்ட்டும் 0.80 ஆம்பியரும் வந்தால் தடை 0.1875 ஓம். இவ்வகை வயருக்கு அனுமதிக்கப்பட்ட உச்சத் தடை கிலோமீட்டருக்கு 18.1 ஓம், அதாவது 10 மீட்டருக்கு 0.181 ஓம். ‘தாண்டிவிட்டதே’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட வேண்டாம். அந்த வரம்பு 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. நம்மூரில் சித்திரை வெயிலில் அறைக்குள் அந்தக் குளிர்ச்சியை எதிர்பார்க்க முடியுமா? செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். அறையில் 38 டிகிரி என்றால் கிடைத்த விடையை 1.07 ஆல் வகுக்க வேண்டும், அப்போது 0.175 ஓம் வரும், வயரும் நல்ல வயர்தான். மலிவான மீட்டரில் இரண்டு மூன்று சதவீதப் பிழை இருக்கக்கூடும் என்பதால் நூலிழை வித்தியாசத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயராக இருந்தால் தடை ஒன்றரை மடங்காகும். அப்போது 200 மில்லிவோல்ட் அளவில் எண் வராமல் இடது ஓரத்தில் வெறும் 1 நிற்கும். அடுத்த அளவுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவதும் அதை உறுதிசெய்யும்.

இதனால் அலுமினியத்தை மட்டமான பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. கூடங்குளத்திலிருந்து புறப்படும் 400 கிலோவோல்ட் கம்பிகள் அலுமினியம்தான். அதன் அடர்த்தி செம்பினதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், ஒரே எடைக்கு அது செம்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு மின்சாரத்தைக் கடத்தும். கோபுரங்களும் குறைந்த எடையைத் தாங்கினால் போதும். இடம் குறைவான காற்றாலை ஜெனரேட்டரின் சுருளுக்கோ செம்பே ஏற்றது. ரிலே போன்றவற்றின் தொடுமுனைகளுக்கு வெள்ளியும், கணினி கனெக்டர்களின் மேல்பூச்சுக்குத் தங்கமும் பயன்படுகின்றன; தங்கம் செம்பைவிடக் குறைவாகவே கடத்தினாலும் அதில் களிம்பு ஏறுவதில்லை.

படி 6. வயர் இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதையும் இதே முறையில் பார்க்கலாம். வயரை நடுவில் வெட்டி மீண்டும் முறுக்கிச் சேர்த்து, அந்த இணைப்பின் இரு பக்கமும், புரோப்புகளுக்கு இடையே மொத்தம் ஐந்து சென்டிமீட்டர் இருக்கும்படி அவற்றை வையுங்கள். இணைப்பு இறுக்கமாக இருந்தால் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகக் காட்டும். அதைவிடக் கூடுதலாகவோ, வயரை அசைக்கும்போது ஏறி இறங்குவதாகவோ இருந்தால், இழைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி முறுக்குங்கள்.