மார்க் குறைந்த டிகிரியோடு முதல் வேலை தேடுவது எப்படி?

அரியரை ஒவ்வொன்றாகக் கழித்து, ஒருவழியாக டிகிரி வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டம்தான். முடித்த புதிதில் கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பித்தேன். பெரும்பாலான இடங்களில் 'இல்லை' என்றுகூடப் பதில் வரவில்லை. தப்பு எங்கே என்று பிடிபட ஆறு மாதம் ஆனது: மார்க்கை வைத்து வடிகட்டுகிற இடங்களாகப் பார்த்து வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

படி 1: விளம்பரங்களைப் பிரியுங்கள்

நீங்கள் செய்ய விரும்பும் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான 30 விளம்பரங்களை ஒரு ஷீட்டில் ஒட்டி, 'இத்தனை சதவீதம் வேண்டும்', 'டிகிரி இருந்தால் போதும்', 'படிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை' என்று மூன்றாகப் பிரியுங்கள். மொத்தமாக ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் வகை. ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது, கழிப்பதற்கு மார்க் ஒரு சுலபமான வழி. அவ்வளவுதான் விஷயம். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் அந்தச் சல்லடை தேவைப்படுவதில்லை.

பெரிய இடம் என்றாலே முதல் வகை என்றும் முடிவு கட்ட வேண்டாம். எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் பிரிட்டன் பிரிவு 2015-இல் குறைந்தபட்ச மதிப்பெண் நிபந்தனையை எடுத்துவிட்டது. மதிப்பெண்ணைப் பார்ப்போம், ஆனால் அதை வைத்து வாசலிலேயே திருப்பி அனுப்ப மாட்டோம் என்பது அவர்கள் நிலை. விளம்பரத்தைப் படித்துப் பார்த்தே பிரியுங்கள்.

முதல் வகையை இப்போதைக்கு மூடி வையுங்கள். மற்ற இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும் திறமைகளை எண்ணுங்கள். முதல் மூன்று எவையோ, அவைதான் இனி உங்கள் பாடத்திட்டம்.

படி 2: ஒரு வேலையைச் செய்து காட்டுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளை ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 1998-இல் தொகுத்தார்கள். ஒருவர் வேலையை எப்படிச் செய்வார் என்று கணிக்க, அதே மாதிரி வேலையைக் கொடுத்துப் பார்ப்பது சிறந்த முறைகளில் ஒன்று என்று அதில் தெரிந்தது. 2022-இல் வேறு ஆய்வாளர்கள் மறுகணக்குப் போட்டபோது அந்த முறையின் கணிக்கும் திறனுக்கான எண் குறைந்தாலும், முன்வரிசையை விட்டுப் போகவில்லை. சரி, அவர்கள் கேட்கும் முன்பே நாம் செய்து வைத்துவிடலாமே?

டேட்டா வேலையை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு விற்பனைப் பட்டியலை இறக்குங்கள். அழுக்காக இருந்தால் நல்லது. ஒரே வாடிக்கையாளர் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தேதிப் பத்தியில் 03/04 என்று இருக்கும். அது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? அதே பத்தியில் 25/04 என்று ஒன்று கிடைத்தால், முதலில் வருவது நாள் என்று ஊகிக்கலாம். 04/25 என்றும் ஒன்று கிடைத்தால் சிக்கல்: இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதிந்திருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்தால் மட்டும் போதாது. என்ன பார்த்தீர்கள், எப்படி முடிவெடுத்தீர்கள், எதை முடிவெடுக்க முடியாமல் தனியாகக் குறித்து வைத்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். ஷீட்டைவிட அந்த ஒரு பக்கத்துக்குத்தான் மதிப்பு அதிகம். எழுத்து, டிசைன், கோடிங் எதுவானாலும் இதே கதைதான்: முடிந்த வேலை ஒன்று, அதைப் பற்றி ஒரு பக்கம். பத்துச் சான்றிதழ் சேர்ப்பதைவிட இது மேல் என்பது என் கட்சி.

படி 3: ரெஸ்யூமே

மார்க்கைக் கேட்காவிட்டால் போட வேண்டாம். கேட்டால் உள்ளதை உள்ளபடி போடுங்கள். 58-ஐ 68 ஆக்கினால், சான்றிதழ் சரிபார்க்கும்போது கிடைத்த வேலையும் போகும். கடைசி ஆண்டில் மார்க் ஏறியிருந்தால் அதைத் தனியாகக் காட்டலாம்.

'எக்செல் நன்றாகத் தெரியும்' என்பதை அடித்துவிட்டு, '4,000 வரி விற்பனைப் பட்டியலில் இரட்டைப் பதிவுகளையும் தேதிக் குழப்பத்தையும் சரிசெய்தேன். விளக்கம் இணைப்பில்' என்று எழுதுங்கள்.

படி 4: தெரிந்தவருக்குத் தெரிந்தவர்

மார்க் கிரானோவெட்டர் என்று ஒரு சமூகவியலாளர். (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டு 1973-இல் எழுதினார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பேசி இரண்டு வருடமான சீனியருக்குத்தான் புதுச் செய்தி தெரியும்.

அவருக்கு ரெஸ்யூமேயைத் தூக்கி அனுப்பாதீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "அண்ணா, நல்லா இருக்கீங்களா? டேட்டா வேலைக்கு முயற்சி பண்றேன். பயிற்சிக்காக ஒரு பட்டியலைச் சரிபண்ணி, ஒரு பக்கம் எழுதியிருக்கேன். உங்க டீம்ல இந்த மாதிரி தேதிக் குழப்பம் வந்தா எப்படிப் பார்ப்பீங்க?" கேள்வி சின்னதாக இருந்தால் பதில் வரும். அப்புறம் வேலைப் பேச்சு தானாக வரும்.

படி 5: 'ஏன் மார்க் குறைவு?'

இந்தக் கேள்வி வரும். பதில் அரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வாத்தியார் சரியில்லை, பேப்பர் திருத்தியவர் சரியில்லை என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. "முதல் இரண்டு வருடம் ஒழுங்காகப் படிக்கவில்லை, அது என் தவறு. கடைசி வருடம் அரியரையெல்லாம் முடித்தேன். அதற்குப் பிறகு செய்த வேலை இது, காட்டலாமா?" உண்மை வேறாக இருந்தால் உங்கள் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் கடைசி வாக்கியம் மட்டும் இதுவாகவே இருக்கட்டும்.

வேலைக்குச் சேர பணம் கட்டச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

படி 6: முதல் இரண்டு ஆண்டுகள்

முதல் வேலையில் சம்பளத்தோடு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் இருக்கிறாரா என்றும் பாருங்கள். வெள்ளிக்கிழமைதோறும், அந்த வாரம் முடித்த வேலையை எண்ணோடு இரண்டு வரி குறித்து வையுங்கள்.

கூகுளில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் ஒரு பேட்டியில், புதிதாகப் படித்து வருபவர்களிடம்தான் மார்க்குக்கும் வேலை செய்யும் திறமைக்கும் லேசான தொடர்பு தெரிகிறது, இரண்டு மூன்று ஆண்டு போனால் அதுவும் இல்லை என்றார். என் இரண்டாவது ரெஸ்யூமேயில் அந்த வெள்ளிக்கிழமைக் குறிப்புகள் மேலே ஏறின, படிப்பு கடைசி வரிக்குப் போனது. அந்த இன்டர்வியூவில் யாரும் சதவீதத்தைக் கேட்கவில்லை. பழைய வேலையிலிருந்து விடுபட நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்றுதான் கேட்டார்கள்.