பழைய சேலையில் குழந்தைக்கு அடுக்கு விரிப்பு

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் குளிரில், தரையில் தவழப்போகும் குழந்தைக்குக் கையால் தைத்த அடுக்கு விரிப்பு மிகவும் பயன்படும். புதுத் துணியைவிட, பலமுறை துவைத்து மென்மையான பருத்திச் சேலையே இதற்கு ஏற்றது. பாட்டியின் சேலை கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

சேலையை வெந்நீரில் அலசி, முழுவதும் உலர்த்தித் தேய்த்த பின்னரே வெட்ட வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலையிலிருந்து ஒரு மீட்டர் நீளத்தில் நான்கு துண்டுகளை எடுத்து, சுருக்கமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் குண்டூசி குத்திப் பெரிய தற்காலிகத் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். அதன்பின் ஓரங்குல இடைவெளியில் வரிசை வரிசையாகச் சிறு ஓட்டுத் தையல் (ஊசியைத் துணியின் மேலும் கீழுமாக மாறி மாறிச் செலுத்தும் நேர்த் தையல்) இட்டு, மிஞ்சிய துணியிலிருந்து வெட்டிய பட்டைகளை நாற்புறமும் ஓரத்தில் மடித்துத் தைக்க வேண்டும். குத்திய குண்டூசிகளை எண்ணி எடுப்பது மிக முக்கியம்.

அறைக்குப் பழமையின் அழகைத் தர, ஒரு ட்ரங்குப் பெட்டியும் சுவர்ப் பலகையில் மரப்பாச்சிகளும் போதும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், பூச்சு உரியும் தொட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு வயது நிறையும்வரை குழந்தை உறங்குமிடத்தில் இவ்விரிப்பை இடாமல், விழித்திருக்கும்போது உங்கள் கண்ணெதிரே தரையில் மட்டுமே விரியுங்கள்.