பாப்-அப் பர்த்டே கார்டு: பசை எங்க தடவுறீங்க?

போன மாசம் எங்க அபார்ட்மென்ட் பிள்ளைங்களுக்கு பாப்-அப் கார்டு, அதாவது திறந்தா உள்ள இருக்கிற உருவம் எழுந்து நிக்கிற கார்டு, செய்யச் சொல்லிக் குடுத்தேன். பழைய கல்யாண பத்திரிகை, மாத காலண்டர் தாள், பிரவுன் கவர்னு ஆளுக்கொரு கட்டு துண்டுக் காகிதம் கொண்டு வந்திருந்தாங்க. ஒன்றரை மணி நேரத்துல, நான் கத்துக்கிட்ட புதுசுல செஞ்ச தப்பெல்லாம் வரிசையா என் கண்ணு முன்னாடி நடந்துச்சு. கோணலா வெட்டுறதெல்லாம் விடுங்க, அது கை பழகினா சரியாகிடும்.

பத்திரிகை அட்டையை அப்படியே மடிக்கிறது

அட்டை அழகுதான், ஆனா தடிமன். வெறும் கையால மடிச்சா மேல் பிரிண்ட் வெடிச்சு உள்ள வெள்ளை தெரியும். ஸ்கேல் வச்சு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி ஒரு கோடு இழுத்துட்டு மடிங்க. காகிதத்துல நார் ஓடுற திசைன்னு ஒண்ணு இருக்கு, நீளவாக்குலயும் அகலவாக்குலயும் லேசா வளைச்சுப் பாருங்க, எப்படி வளைச்சா ஈசியா வளையுதோ அந்த வாக்குலயே மடிங்க. எழுந்து நிக்கிற பட்டையை வெட்டுற உள்தாளுக்கு சார்ட் பேப்பரே போதும்.

கவர் தாள்ல பசை தடவுறது

இதுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன். நடு மடிப்புல ஒரே நீளத்துக்கு ரெண்டு வெட்டு வெட்டி, நடுப் பட்டையை உள்பக்கமா தள்ளினா கார்டு திறக்கும்போது அது படிக்கட்டு மாதிரி நிக்கும், அதோட முன்பக்கத்துலதான் உருவத்தை ஒட்டுவோம். பட்டை வெளிய வந்த இடத்துல ஜன்னல் மாதிரி ஓட்டை விழும், அதை மறைக்க பின்னாடி இன்னொரு தாள் ஒட்டணும். இங்கதான் எல்லாரும் அந்தக் கவர் தாளை விரிச்சு ஃபெவிகாலை முழுசா தடவி, உள்தாளை மேல வச்சு அழுத்திடுறாங்க. ஜன்னலுக்குப் பின்னாடியும் பசை ஈரமா இருக்குல்ல, கார்டை முழுசா விரிச்சதும் பட்டை தட்டையாகி நேரா அது மேல படுத்துக்கும், காஞ்சா முடிஞ்சது.

எங்க அக்கா பொண்ணோட அஞ்சாவது பர்த்டேக்கு மூணு ராத்திரி உக்காந்து ஒரு யானை செஞ்சேன். காலைல அவ திறந்தா யானை எழுந்திரிக்கல, நான் இழுத்தேன், பட்டையோட கிழிஞ்சு வந்துடுச்சு. அவ ஒண்ணுமே சொல்லாம கிழிஞ்ச யானையை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டா. போன மாசம் ஒரு பையனுக்கு அவங்கம்மா "நல்லா நிறைய தடவுடா, அப்பதான் பிடிக்கும்"னு பக்கத்துல நின்னு சொல்லிட்டிருந்தாங்க, நான் ஓடிப்போறதுக்குள்ள அழுத்திட்டான். அவன் கஷ்டப்பட்டு வெட்டின பஸ், அதே கதி. இன்னும் ஆறல எனக்கு.

பசையை உள்தாளோட முதுகுல மட்டும் தடவுங்க, கவர்ல ஒரு சொட்டு கூட வேணாம். மடிப்பையும் பட்டையையும் சுத்தி ஒரு விரல் அகலம் விட்டுடுங்க. ஃபெவிகால் தண்ணிப் பசை, தாள் சுருங்கி நெளியும், அதனால இதுக்கு க்ளூ ஸ்டிக்தான். முதல்ல ஒரு பாதியை ஒட்டுங்க, அப்புறம் கார்டை மூடி வச்சு அடுத்த பாதியை ஒட்டுங்க. விரிச்சு வச்சே ரெண்டு பாதியும் ஒட்டினா, மூடும்போது உள்தாள் மடிப்புகிட்ட கசங்கும்.

உயரம் அளக்காம ஒட்டுறது

ஏ4 தாளை பாதியா மடிச்சா மடிப்புல இருந்து ஓரம் வரைக்கும் 14.8 செ.மீ. பட்டைக்கு மடிப்புல இருந்து 4 செ.மீ நீளம் வெட்டினா, அதோட முன்பக்கத்துல அடியோட சேர்த்து ஒட்டுற உருவம் 10 செ.மீ தாண்டக் கூடாது. தாண்டினா மூடின கார்டுல தலை வெளிய நீட்டும். உருவத்தை ஒரு செ.மீ மேல தூக்கி ஒட்டினா உயரத்துல ஒரு செ.மீ குறைச்சுக்கோங்க.

ஸ்வீட் டப்பா அட்டை

நெய் இறங்கியிருந்தா ஒட்டாது.

க்ளிட்டர்

மடிப்பு மேல வேணாம்.

ஒட்டின உடனே திறந்து பாக்குறது

பொறுங்க. மூடின நிலைல, ஒரு கனமான புக்குக்கு அடியில, ராத்திரி முழுக்க.