புது விண்டோஸ் வந்ததும் கடை சிஸ்டத்துல ஏத்திடாதீங்க

மொத தப்பு என்னன்னா மாசாமாசம் வர்ற செக்யூரிட்டி அப்டேட்டையும் வருஷத்துக்கு ஒருவாட்டி வர்ற பெரிய வெர்ஷனையும் ஒண்ணா பாக்குறது. மாசத்துக்கு வர்றத ரொம்ப நாள் தள்ளிப்போடக் கூடாது, ஆனா பெரிய வெர்ஷன் பல தடவ ஓஎஸ்ஸையே மாத்திப் போடுது, டிரைவர் பிரிண்டர்னு எல்லாத்துலயும் கை வைக்கும், இப்ப இருக்குற வெர்ஷனுக்கு சப்போர்ட் இருக்குற வரைக்கும் அத ரெண்டு மாசம் கழிச்சு போட்டா ஒண்ணும் குடி முழுகிடாது.

2018 அக்டோபர்ல என்ன ஆச்சு? விண்டோஸ் 10க்கு பெரிய வெர்ஷன் அப்டேட் 2ஆம் தேதி வந்துச்சு, சில பேருக்கு டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்ல இருந்த ஃபைலே காணாம போச்சு, மைக்ரோசாஃப்ட் ஒரு வாரத்துக்குள்ளயே நிறுத்தி, நவம்பர் 13 தான் திரும்ப விட்டாங்க. யாருக்கு அடி விழுந்துச்சுன்னு பாருங்க, டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை வேற டிரைவுக்கு மாத்திட்டு பழைய இடத்துலயும் கொஞ்சம் ஃபைல் விட்டு வெச்சவங்களுக்கு. நம்ம ஏரியா அசெம்பிள்டு சிஸ்டத்துல பாதிக்கு மேல சி டிரைவ் சின்னது, எல்லாம் டி டிரைவுல தான கெடக்கும்!

2024ல வந்த விண்டோஸ் 11 பெரிய வெர்ஷன் 24எச்2ல யூஎஸ்பில மாட்டுற சில ஸ்கேனர், ஆல் இன் ஒன் பிரிண்டர சிஸ்டம் கண்டுபிடிக்கவே இல்ல. சென்னை மின்ட் தெரு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைய நினைச்சுப் பாருங்க, காலைல பத்து பேர் ஆதார கையில வெச்சுகினு நிக்கிறாங்க, ஸ்கேனர்ல லைட்டு மட்டும் எரியுது. வந்தவங்க ரெண்டு நிமிஷம் பாப்பாங்க, அப்புறம் எதிர் கடைக்குப் போயிடுவாங்க.

இந்த மாதிரி பிரச்சனை தெரிஞ்சா மைக்ரோசாஃப்டே அந்த சிஸ்டங்களுக்கு அப்டேட் போகாம ஹோல்ட் போடும். "எல்லாருக்கும் வந்துடுச்சு எனக்கு மட்டும் வரல"ன்னு அப்டேட் ஏத்துற டூல டவுன்லோடு பண்ணி வம்படியா ஏத்துறாங்க பாருங்க, அதான் பெரிய கூத்து. வரலன்னா காரணம் இருக்கும், விடுங்க.

பேக்கப் டி டிரைவுல இருக்குன்னு சொல்றது பேக்கப்பே இல்ல, அதுவும் பெரும்பாலும் அதே டிஸ்க் தான். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல போட்டு, கழட்டி வெச்சுட்டு அப்புறம் ஆரம்பிங்க. லேப்டாப்ல பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கையே பூட்டி வெக்கிற வசதி, ஆன்ல இருந்தா ரெகவரி கீய பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்க, அது கேக்குறப்ப மெயில தேடிட்டு இருக்க முடியாது.

பிடிக்கலன்னா செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுல ரெகவரிக்குப் போய் பழசுக்குத் திரும்பலாம், ஆனா சாதாரணமா 10 நாள் தான் டைம். இடம் பத்தலன்னு டிஸ்க் கிளீனப் ஓட்டி பழைய விண்டோஸ் இருக்குற விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை தூக்கிட்டா அந்த வழியும் போச்சு. பென்டிரைவ்ல போட்டு ஃபார்மேட் அடிச்சு ஏத்துனவங்களுக்கு அந்த ஆப்ஷனே கிடையாது.

நாள் பாக்குறதும் முக்கியம்ங்க, ராகுகாலம் சொல்லல. ஜிஎஸ்டி 20ஆம் தேதி கட்டணும்னா 19ஆம் தேதி ராத்திரி அப்டேட் வேணாம். மண்ணடில கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் வெச்சிருக்கவங்க, கையெழுத்துக்கு யூஎஸ்பில மாட்டுற டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனுக்கு புது ஓஎஸ்க்கான டிரைவர் வந்துடுச்சான்னு கேட்டுட்டு தொடுங்க, டாலி, பில்லிங் பிரிண்டரும் அதே மாதிரி தான். வீட்டுல கேம் ஆடுற பையன் லேப்டாப் இருக்கா, மொதல்ல அதுல போடட்டும், ஏதாவது ஆனா ராத்திரி முழுக்க உக்காந்து அவனே சரி பண்ணுவான்.