நாயின் முதுகுத்தண்டு வட்டு நோய்: லேசரை நம்பிச் செய்யும் தவறுகள்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் பல வீடுகளுக்குப் படியேறித்தான் போக வேண்டும். நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷ்ஹண்ட் நாய் ஒரு நாள் படியேற மறுத்து, முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கினால், அது குளிரால் வந்த பிடிப்பு என்று கம்பளியைப் போர்த்திவிட்டுக் காத்திருப்பதே முதல் தவறு. இந்த இனத்தில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் நடுப்பகுதி இளவயதிலேயே சுண்ணாம்பேறி இறுகிவிடுகிறது. பெரும்பாலும் 3 முதல் 7 வயதுக்குள் அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது.

இந்த நோய்க்குத் தரப்படும் லேசர் சிகிச்சை இரண்டு வகைப்படும். தோலின் மேலிருந்து ஒளியைச் செலுத்தி வலியையும் வீக்கத்தையும் தணிக்க முயல்வது ஒன்று. மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி, ஹோல்மியம் லேசரால் நடுப்பகுதியைச் சிதைப்பது மற்றொன்று. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த இரண்டாவது முறை, நோய் மீண்டும் வராமல் தடுப்பதற்கானது. 277 நாய்களைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வில் மிகச் சிலவற்றுக்கே நோய் திரும்பியிருந்தது. ஆனால் ஏற்கெனவே பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும் பொருளை இரண்டு முறைகளுமே அகற்றுவதில்லை.

ஆகவே, பின்னங்கால்கள் விழுந்துபோன நாய்க்கு லேசர் மட்டும் வைத்துக்கொண்டு நாட்களைக் கடத்துவதுதான் மிகக் கொடிய தவறு. விரலை அழுத்தியதும் கால் சுருங்குகிறது, அதனால் உணர்வு இருக்கிறது என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். அது மூளைக்கு எட்டாத அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம்; நாய் திரும்பிப் பார்த்தால், கத்தினால், கடிக்க வந்தால் மட்டுமே வலி தெரிகிறது என்று கொள்ள வேண்டும். அந்த உணர்வும் போயிருந்தால் அறுவை சிகிச்சையை மணிக்கணக்கில் முடிவு செய்தாக வேண்டும். அதற்காகச் சமவெளிக்கு இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் உடல் உருளாதபடி பலகையில் துண்டால் கட்டியோ இறுக்கமான பெட்டியில் வைத்தோ கொண்டுபோக வேண்டும்; மடியில் வைத்துக்கொள்வது பாசமாகத் தோன்றினாலும் முதுகுக்குப் பாதுகாப்பன்று.

லேசருக்குப் பின் வலி தணிந்ததும் நாயை ஓடவிடுகிறார்கள். வலி தணிவது வேறு, கிழிந்த வட்டு ஆறுவது வேறு. அறுவையின்றிச் சிகிச்சை பெறும் நாய்க்குக் குறைந்தது 4 வாரக் கூண்டு ஓய்வு அவசியம். வீட்டிலுள்ள ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளைத் தருவதும், ஸ்டீராய்டுடன் வேறு வலிமருந்தைச் சேர்ப்பதும் இரைப்பையைப் புண்ணாக்கி உயிரையே பறிக்கக்கூடும். கால் விழுந்த நாயிடம் சிறுநீர் சொட்டினால் தானாகவே போகிறது என்று எண்ணாதீர்கள். நிரம்பி வழியும் சிறுநீர்ப்பையாகவும் இருக்கலாம் என்பதால், அதை அழுத்தி வெளியேற்றும் முறையை மருத்துவரிடம் அன்றே நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.